எங்கள் சிறுவயது ஊரையும் கேளுங்கள்: நியூயார்க் மாநில சுகாதாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

நியூயார்க் மாநில சுகாதாரத் துறையின் புற்றுநோய்ப் பிரிவினருக்கு வணக்கம்.

லாங் ஐலண்டின் நாசோ கவுண்டியில் குடியிருக்கும் தமிழ்ப் பெண் நான். இதை வேண்டுமென்றேதான் தமிழில் எழுதுகிறேன். ஏன் என்பது போகப்போகப் புரியும்.

இந்தத் தீவின் மார்பகப் புற்றுநோய்க் கதை உங்களுக்குப் புதிதல்ல. 1990களின் தொடக்கத்தில் இங்குள்ள வெஸ்ட் ஐஸ்லிப் ஊர்ப் பெண்கள் வீடு வீடாக விசாரித்து, யார் யாருக்கு நோய் வந்தது என்று வரைபடத்தில் குறித்தார்கள். இப்படிப் பெண்கள் விடாமல் கேட்டதால் 1993இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டே ஆய்வுக்கு உத்தரவிட்டது. 2002இல் முடிவு வந்தது. ரத்தத்தில் டிடிடி என்ற பூச்சிக்கொல்லி, பிசிபி என்ற தொழிற்சாலை ரசாயனம் ஆகியவற்றின் மிச்சங்கள் அதிகம் இருந்தவர்களுக்கு நோய் கூடுதலாக வரவில்லை. புகையிலும் கருகிய இறைச்சியிலும் இருக்கும் பிஏஎச் சேர்மங்களோடு மட்டும் லேசான தொடர்பு தெரிந்தது. சரி, சுற்றுச்சூழல் காரணமில்லை என்று பலர் அத்தோடு விட்டுவிட்டார்கள்.

அந்த ஆய்வில் சேர்ந்த பெண்களில் நோய் வந்தவர்கள் 1,508 பேர், வராதவர்கள் 1,556 பேர். சின்ன வேலை இல்லை, மதிக்கிறேன். ஆனால் அவர்கள் சோதித்தது நோய் தெரிந்த பிறகு எடுத்த ரத்தத்தை. இங்கே கொசுவுக்கு டிடிடி தெளித்ததோ 1950களிலும் 60களிலும். அன்றைய சிறுமியின் உடம்பில் என்ன இருந்தது என்று 1990களின் ரத்தம் எப்படிச் சொல்லும்? கலிபோர்னியாவில் 1959 முதல் 1967 வரை பிரசவமான பெண்களிடம் எடுத்துப் பத்திரப்படுத்திய ரத்தம் இருந்தது. அதைச் சோதித்த ஆய்வாளர் பார்பரா கோன் குழு 2007இல் வெளியிட்ட முடிவு வேறு மாதிரி. தங்களுக்கு 14 வயது ஆகும் முன்பே டிடிடி புழக்கத்துக்கு வந்துவிட்ட தலைமுறையில், ரத்தத்தில் அது மிகுந்திருந்தவர்களுக்கு 50 வயதுக்குள் நோய் வரும் வாய்ப்பு ஐந்து மடங்கு இருந்தது. வயதில் மூத்தவர்களிடம் அந்தத் தொடர்பே இல்லை. எவ்வளவு என்பதோடு எந்த வயதில் என்பதும் முக்கியம்.

இனி எங்கள் விஷயம். லாங் ஐலண்ட் ஆய்வில் ஆங்கிலம் பேசும் பெண்களை மட்டுமே சேர்த்தார்கள். இன்று இந்தியர்கள் நிறைந்த ஹிக்ஸ்வில் ஊர்க் கடைத்தெருவில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், அந்த விதி எத்தனை பேரை வெளியே நிறுத்தும் என்று தெரிந்துவிடும். எங்களில் பலர் வளர்ந்த ஊர்களில் மலேரியாக்காரர்கள் வந்து வீட்டுச் சுவரில் டிடிடி அடித்து, வாசலில் தேதி எழுதிவிட்டுப் போவார்கள். மருந்து வாடை போகும் முன்பே அதே அறையில் பாய் விரித்துப் படுப்போம். அமெரிக்கா டிடிடியை 1972இல் தடை செய்தது. இந்தியாவில் விவசாயத்துக்கே 1989இல்தான் தடை வந்தது. கொசு ஒழிப்புக்கு அதன் பிறகும் பயன்பட்டது. நாளை எங்களில் ஒருத்திக்கு நோய் வந்தால் உங்கள் வரைபடத்தில் புள்ளி விழுவது ஹிக்ஸ்வில்லில். அவள் சிறுமியாகச் சுவாசித்தது திண்டுக்கல் பக்கத்துக் காற்றாக இருக்கலாம்.

ஆகவே அடுத்த ஆய்வில் தற்போதைய முகவரியோடு பிறந்த ஊர், வயதுக்கு வந்த ஊர், வயல் வேலை எல்லாவற்றையும் கேளுங்கள். எங்களுக்குப் புரியும் மொழியில் கேளுங்கள். அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. எங்கள் நாசோ கவுண்டி முழுக்க நிலத்தடி நீரைத்தான் குடிக்கிறது. இதே கவுண்டியின் பெத்பேஜில் பழைய விமானத் தொழிற்சாலை வளாகத்திலிருந்து ரசாயனக் கரைப்பான்கள் மண்ணுக்குள் இறங்கி அந்த நீரில் பரவியது ஊரறிந்த செய்தி. அதனால் மார்பகப் புற்று வருகிறது என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஆதாரம் என்னிடம் இல்லை. குழாயில் வரும் நீரைச் சுத்திகரிக்கிறார்கள் என்பதும் தெரியும். ஆனாலும் இன்று பத்து வயதில் இருக்கும் எங்கள் பெண் குழந்தைகளின் ரத்தத்தைப் பெற்றோர் சம்மதத்தோடு எடுத்து, உறையவைத்துப் பாதுகாக்கலாமே. முப்பது வருஷம் கழித்து யாராவது கேள்வி கேட்கும்போது சோதிக்க ஏதாவது இருக்க வேண்டாமா?

கேள்வித்தாளைத் தமிழில் எழுத ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், செய்து தருகிறோம். அதை அச்சுக்கு அனுப்பும் முன் எங்கள் வீட்டுப் பாட்டிகள் நாலு பேரிடம் படித்துக் காட்டிவிடுங்கள். எந்தக் கேள்வி விட்டுப்போயிற்று என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

இப்படிக்கு,
நாசோ கவுண்டித் தமிழ்ப் பெண் ஒருத்தி