ரிமோட்டில் ஆனும் ஆஃபும் தனித்தனியாக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் பல பெட்டிகளையும் ஒன்றாகவே ஓட்டும் யூனிவர்சல் ரிமோட்டைப் பற்றி வந்திருந்த கட்டுரையைப் படித்தேன். அதன் காலம் முடிந்துவிட்டது, இனிமேல் டிவி, டீகோடர் (அங்கே செட்டாப் பாக்ஸ் என்பீர்கள்), சவுண்ட்பார் எல்லாவற்றையும் போனிலும் குரலிலுமே ஓட்டலாம் என்று அடித்துச் சொல்கிறார் எழுதியவர். அவர் வீட்டில் கரண்ட் போவதே இல்லை போலிருக்கிறது.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இந்தச் சாமான்களை வீடு வீடாக மாட்டிக் கொடுப்பதுதான் பிழைப்பு. வாடிக்கையாளர்களில் நிறையப் பேர் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கத்துக் குடும்பங்கள், 1860லிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்து இறங்கியவர்களின் வாரிசுகள். வீட்டில் இங்கிலீஷ்தான் ஓடும், ஆனாலும் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள், அந்த ஆயாவுக்காகத்தான் மாதாமாதம் பணம் கட்டித் தமிழ் சேனல் வைத்திருப்பார்கள். பகலில் பிள்ளைகள் வேலைக்குப் போனபின் அந்த டிவியோடு தனியாக இருப்பது ஆயா மட்டும்தான், இதை மறந்துவிட்டு ரிமோட்டைப் பற்றிப் பேசி ஒரு பிரயோஜனமும் இல்லை.

இங்கே லோட்ஷெடிங், அதாவது முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது, என்ன பாடு படுத்தியது என்று உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். 2007, 2008 வாக்கில் ஆரம்பித்தது, 2023இல் உச்சத்துக்குப் போனது, ஒரே நாளில் இரண்டு இரண்டு மணி நேரமாகப் பல தவணை. 2024 மார்ச் கடைசியிலிருந்து பெரும்பாலும் ஓய்ந்திருக்கிறது, சரி. ஆனால் கேபிள் திருட்டு, மழைக்குப் படுத்துக்கொள்ளும் டிரான்ஸ்பார்மர் என்று தெருவுக்குத் தெரு கரண்ட் போவது நிற்கவில்லை. கரண்ட் போனால்கூடப் பரவாயில்லை, இருட்டில் உட்கார்ந்திருக்கப் பழகிவிட்டார்கள். அது திரும்பி வரும்போதுதான் எனக்குப் போன் வருகிறது.

ஏனென்றால் ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு மாதிரி கண் விழிக்கும். டீகோடர் தானாக ஆன் ஆகிவிடும். டிவி ஸ்டாண்ட்பையில் சிவப்பு லைட்டோடு கிடக்கும். சவுண்ட்பார் ஆன் ஆகும், ஆனால் டிவியிலிருந்து வரும் சத்தத்தை விட்டுவிட்டு புளூடூத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். போன வருஷம் சாட்ஸ்வர்த்தில் ஒரு வீடு, ரிமோட்களை எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு, ஒவ்வொன்றின் முதுகிலும் பேரன் பிளாஸ்டர் ஒட்டிப் பேனாவால் எழுதி வைத்திருந்தான். அதெல்லாம் வேண்டாமென்று யாரோ ஒரு கடையில் ஒரே ரிமோட்டாக வாங்கிக் கொடுத்து, மேலே ஒரு பெரிய பட்டன், அதை அழுத்தினால் டிவியும் டீகோடரும் சேர்ந்து ஆன் ஆகும் என்று செட் செய்துவிட்டுப் போய்விட்டார்கள். கரண்ட் வந்தபின் ஆயா அந்தப் பட்டனை அழுத்துகிறார், டிவி ஆன் ஆகிறது, டீகோடர் அணைந்துவிடுகிறது. திரும்ப அழுத்துகிறார், டீகோடர் வருகிறது, டிவி போய்விடுகிறது. "தம்பி, ரெண்டும் சண்டை போடுது, ஒண்ணு வந்தா ஒண்ணு போகுது" என்றார். எந்த இன்ஜினியரும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

கட்டுரையாளர் தொடாமல் விட்ட விஷயம் இதுதான். ரிமோட்டில் இருக்கும் பவர் பட்டன் ஆனும் இல்லை, ஆஃபும் இல்லை. இப்போது எப்படி இருக்கிறாயோ அதற்கு நேர் எதிராக மாறு என்பதுதான் அது அனுப்பும் செய்தி. ஒரே பெட்டி, ஒரே ரிமோட் என்றால் தொந்தரவில்லை, கண்ணால் பார்த்து அழுத்துகிறோம். மூன்று பெட்டிக்கும் சேர்த்து ஒரே பட்டன் என்று ஆனதும், மூன்றும் ஒரே நிலையில் இருந்தால்தான் அது வேலை செய்யும். ஒன்று பிசகினால் அப்புறம் எத்தனை தடவை அழுத்தினாலும் பிசகியபடியேதான் இருக்கும். இன்ஃப்ராரெட் ரிமோட் ஒருவழிப் பேச்சு, டிவி ஆன் ஆனதா என்று அதற்குத் தெரியவே தெரியாது. பெரும்பாலான ரிமோட்கள் செய்வதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஒளியை நொடிக்கு 38,000 தடவை வாக்கில் துடிக்கவிட்டு, அந்தத் துடிப்பை விட்டுவிட்டு அனுப்பி ஒரு எண்ணைச் சொல்வதுதான். சொன்னதோடு அதன் வேலை முடிந்தது.

இதைச் சரிசெய்யப் பெரிய மூளைகள் முயன்றிருக்கின்றன. ஆப்பிளை விட்டு வெளியே வந்த ஸ்டீவ் வோஸ்னியாக் தனியாகக் கம்பெனி வைத்து 1987இல் கோர் என்று ஒரு ரிமோட்டைக் கொண்டுவந்தார், மற்ற ரிமோட்களிடமிருந்து கற்றுக்கொள்ளும், ஒரு பட்டனில் பல வேலைகளை அடுக்கலாம். அப்புறம் கனடாவில் பிறந்த ஹார்மனி, 2004இல் லாஜிடெக் என்ற கம்பெனி அதை வாங்கியது. ஹார்மனி எதை ஆன் செய்தோம், எதை அணைத்தோம் என்று தானே மனதில் வைத்துக்கொள்ளும், கணக்குத் தப்பினால் அதில் ஹெல்ப் பட்டன் இருந்தது, அழுத்தினால் டிவி ஆன் ஆகிவிட்டதா என்று திரையில் கேட்டுச் சரிசெய்யும். நல்ல சாமான். 2021 ஏப்ரலில் இனிமேல் தயாரிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கட்டுரையாளர் இதைத்தான் யூனிவர்சல் ரிமோட்டின் சாவு என்கிறார். விலை உயர்ந்த ஒரு ரிமோட் நின்றுபோனது, அவ்வளவுதான். நூற்றுச் சொச்சம் ரேண்டுக்குக் கிடைக்கிற சாதா யூனிவர்சல் ரிமோட் இங்கே எலக்ட்ரிக் சாமான் கடையில் இன்றும் தொங்குகிறது, இன்றும் விற்கிறது.

ஒரு பட்டனில் பல வேலைகளை அடுக்க விடும் ரிமோட் ஒன்று இருந்தால், ஹார்மனி இல்லாமலே ஆயாவின் சண்டையைத் தீர்க்க முடியும், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பல டிவிகளுக்குள் ஆனுக்கு ஒரு எண்ணும் ஆஃபுக்கு வேறு எண்ணும் தனித்தனியாகவே இருக்கின்றன. ஏற்கெனவே ஆன் ஆகியிருக்கும் டிவிக்கு ஆன் எண்ணை அனுப்பினால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். எச்டிஎம்ஐ 1, எச்டிஎம்ஐ 2 என்று ஒவ்வொரு இன்புட்டுக்கும் இப்படி நேர் எண் பல டிவிகளில் உண்டு, சோர்ஸ் பட்டனைத் தட்டித் தட்டிச் சுற்றி வர வேண்டியதில்லை. ஆனால் கம்பெனி கூடக் கொடுக்கும் ரிமோட்டில் இவற்றுக்குப் பட்டன் கிடையாது! பட்டன் இல்லாததால் கற்றுக்கொள்ளும் ரிமோட்டுக்கும் அதைக் கற்றுக்கொடுக்க வழியில்லை, மூல ரிமோட் பேசாத வார்த்தையை அது எங்கே போய்க் கேட்கும்? வேலை தெரிந்தவர்கள் அந்த எண்களின் பட்டியலைத் தேடி எடுத்து ஏற்றிக்கொள்கிறோம், சாதாரண ஜனங்கள் என்ன செய்வார்கள்? ஒரு எண்ணை வெளியே காட்ட ஒரு பட்டன், அதிகம் போனால் இரண்டு பட்டன், அதற்கு இடம் இல்லையாம். நாலு வீடியோ ஆப்புகளின் பெயர் போட்ட பட்டன்களுக்கு மட்டும் இடம் இருக்கிறது. அவற்றுக்கு யாரோ காசு கொடுக்கிறார்கள், ஆயாவுக்காக யார் கொடுப்பார்கள்?

அந்த எண் கிடைக்காத டிவிக்கு நான் செய்யும் வழி ஒன்று இருக்கிறது, வேண்டியவர்கள் முயன்று பார்க்கலாம். சில டிவிகளில் ஸ்டாண்ட்பையில் இருக்கும்போது நம்பர் பட்டனையோ சேனல் மாற்றும் பட்டனையோ அழுத்தினாலே விழித்துக்கொள்ளும், அந்தப் பட்டனால் அணையாது. அப்படியானால் அதுதான் உங்கள் ஆன். ஆஃபுக்கு, முதலில் அதே பட்டன், டிவி முழுதாக விழிக்கும்வரை கொஞ்சம் இடைவெளி, பிறகு பவர் என்று மூன்றையும் ஒரே பட்டனில் வரிசையாக அடுக்குங்கள். டிவி அணைந்திருந்தாலும் முதலில் எழுந்து பிறகு படுத்துக்கொள்ளும். அசிங்கமான வழிதான், வேலை செய்கிறது. டிவி, டீகோடர் செட்டிங்கில், கரண்ட் வந்தால் எந்த நிலையில் எழ வேண்டும் என்று கேட்கும் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள், சிலவற்றில் இருக்கிறது, இருந்தால் பாதித் தலைவலி அங்கேயே போய்விடும்.

போனைப் பற்றி ஒரு வார்த்தை. போனிலிருந்து டிவியை ஓட்ட, போனும் டிவியும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். கரண்ட் வந்ததும் ரவுட்டர் எழுந்து நெட்டைப் பிடிக்கவே சில நிமிஷம் ஆகும், அதுவரை போன் சும்மா. பேரன் வீட்டிலிருந்து கிளம்பியதும் போனும் அவனோடு கிளம்பிவிடுகிறது. போனிலேயே இன்ஃப்ராரெட் இருந்தால் வேறு கதை, சாம்சங் எஸ்6 வரை வைத்திருந்தது, 2016இல் எஸ்7 வந்தபோது எடுத்துவிட்டது, இன்று ஷாவ்மி மாதிரி சிலர்தான் வைக்கிறார்கள். குரலுக்கும் நெட் வேண்டும். போதாததற்கு, ஆயாவின் தமிழும் டர்பன் இங்கிலீஷும் கலந்த பேச்சை அந்தப் பெட்டி புரிந்துகொள்வதற்குள் சீரியல் முடிந்து விளம்பரம் வந்துவிடும்.

கட்டுரையாளர் பக்கம் நியாயமும் இருக்கிறது, மறுக்கவில்லை. எச்டிஎம்ஐ கேபிளின் 13ஆவது பின்னில் ஓடும் சிஇசி என்ற வழியில் பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும், சாம்சங் எனிநெட் பிளஸ் என்கிறது, எல்ஜி சிம்ப்லிங்க், சோனி பிராவியா சிங்க். சவுண்ட்பாரை ஏஆர்சி என்று போட்ட துளையில் செருகிவிட்டால் டிவி ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம், இது நன்றாகவே நடக்கிறது, இதற்காக யாரும் தனி ரிமோட் வாங்க வேண்டாம். ஆனால் மூன்று கம்பெனிச் சாமான் கலந்த வீட்டில் டிவி டீகோடரை எழுப்பும், டீகோடர் டிவியை எழுப்பாது, இன்னொன்று யாரும் கேட்காமலே இன்புட்டை மாற்றும். எது எதோடு ஒத்துப்போகும் என்பது மாட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

நான் இன்னும் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. இன்ஃப்ராரெட்டே காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. டிவியில் செருகி நெட்டில் படம் பார்க்கும் ஃபயர் டிவி ஸ்டிக், குரோம்காஸ்ட் மாதிரிச் சாமான்களின் ரிமோட் புளூடூத்தில் பேசுகிறது, ஸ்டிக் டிவிக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் ஒளி அங்கே போகாது, நியாயம்தான். ஆனால் அதன் ரிமோட் சோபா இடுக்கில் போய்விட்டால் கடையில் தொங்கும் யூனிவர்சல் ரிமோட் அதற்கு உதவாது. ஆப்பிள் டிவிப் பெட்டி புளூடூத்தோடு இன்ஃப்ராரெட்டையும் வாங்கிக்கொள்கிறது, ஆகவே முடியாத காரியம் ஒன்றுமில்லை. கடைக்காரரிடம் இந்தப் பெட்டி இன்ஃப்ராரெட் வாங்குமா என்று கேட்டுப் பாருங்கள், இங்கே பெரும்பாலும் பேந்தப் பேந்த விழிப்பார்கள்.

வேலை செய்யாத ரிமோட்டைத் தூக்கிப் போடுமுன் போனின் செல்ஃபி கேமராவைத் திறந்து ரிமோட்டின் மூக்கைக் காட்டிப் பட்டனை அழுத்துங்கள். திரையில் வெளிர் ஊதாவாக மினுக்கினால் ரிமோட் உயிரோடு இருக்கிறது, கோளாறு வேறெங்கோ. (பின்கேமராவில் இன்ஃப்ராரெட்டை வடிகட்டிவிடுவார்கள், அதில் தெரியாமல் போகலாம்.) மேற்குப் பார்த்த ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் நேராக டிவியின் கண்ணில் விழுந்தாலும் ரிமோட் திணறும். இது இன்று நேற்றுத் தொல்லையில்லை, 1955இல் ஜெனித் கம்பெனி ஒளியடித்துச் சேனல் மாற்றும் ஃபிளாஷ்மாட்டிக் ரிமோட்டை விட்டபோது வெயில் பட்டு டிவி தானாகவே சேனல் மாறியதாம். திரைச்சீலையைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் போதும். ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போடும் நம் பழக்கத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, டர்பன் உப்புக் காற்றுக்கு அது நல்லதுதான். எந்த டிவி என்று யூனிவர்சல் ரிமோட்டுக்குச் சொல்ல செட் செய்த கோட் நம்பரை மட்டும் பாட்டரி மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள், மலிவு ரிமோட்களில் சில பாட்டரி மாற்றினால் எல்லாவற்றையும் மறந்துவிடும்.

ஆசிரியருக்கு ஒரு கோரிக்கை. உங்கள் பக்கத்தில் வாராவாரம் டிவி, சவுண்ட்பார் என்று ஏதாவது ஒன்றுக்கு மதிப்பெண் போடுகிறீர்கள், படத்தின் வெளிச்சம், சத்தத்தின் கனம் எல்லாம் வருகிறது. அதோடு மூன்று வரி சேர்த்துப் போடுங்கள்: கரண்ட் போய் வந்தால் இது எந்த நிலையில் எழுகிறது, இன்ஃப்ராரெட் வாங்குகிறதா, ஆனுக்கும் ஆஃபுக்கும் தனி எண் இருக்கிறதா. உங்கள் எழுத்தாளர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து திரும்பச் செருகினால் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். மற்ற இரண்டையும் கம்பெனிக்காரரிடம் எழுதிக் கேட்கட்டும், பதில் வராவிட்டால் வரவில்லை என்றே அச்சடியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
டர்பன், தென்னாப்பிரிக்கா