பிரெஞ்சு வகுப்பில் தமிழுக்கும் இடம் கொடுங்கள்

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நானும் உங்களில் ஒருத்தி. மாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு பிரெஞ்சு டியூஷன் எடுக்கிறேன். அவர்கள் கொண்டுவரும் நோட்டுகளில் ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், எதிரே பிரெஞ்சுச் சொல், அவ்வளவுதான். தமிழ் பேசும் பிள்ளைகளாவது பக்கத்தில் தமிழையும் எழுதட்டும் என்று கேட்கவே இந்த மடல்.

‘டைம்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நோட்டில் அதற்கு எதிரே ‘தாம்’ என்று மட்டும் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை மணி என்ன என்று கேட்டால், பிரெஞ்சுக்காரர் காதில் அது வானிலையை விசாரிப்பதுபோல விழும். அந்தச் சொல்லுக்கு வானிலை என்றும் பொருள் உண்டு. மூன்று தடவை என்பதற்கு ‘த்ருவா தாம்’ என்று எழுதினாலோ, அது வால்ட்ஸ் நடனத்தின் தாளக்கணக்காகிவிடும்.

தமிழில் யோசித்தால் இந்தக் குழப்பம் எதற்கு வருகிறது? ‘எனக்கு நேரமில்லை’ என்பதில் வரும் நேரம்தான் ‘தாம்’. ‘மணி என்ன?’ என்பதில் வரும் மணி ‘ஏர்’. தடவைக்கு ‘ஃபுவா’. இரண்டு மணிக்கு வருகிறேன் என்றாலும் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன் என்றாலும் நாம் மணியைத்தான் சொல்கிறோம். பிரெஞ்சிலும் இரண்டுக்கும் ‘ஏர்’தான். ஆங்கிலத்தில் இந்த இரண்டும் வேறு வேறு.

முடியும் என்பதற்கான ஆங்கிலச் சொல் ‘கேன்’ (can) இன்னும் நல்ல உதாரணம். எனக்கு நீச்சல் வரும் என்று சொல்ல, ஆங்கிலத்தைப் பார்த்து ‘ழெ பூ நாழே’ என்று எழுதுகிறார்கள். கற்ற திறமையைச் சொல்ல பிரெஞ்சில் ‘ழெ சே நாழே’ என்பதே வழக்கம். ‘எனக்கு நீந்தத் தெரியும்’, அப்படியே நம் வாக்கியம்! உடம்பு சரியாகி இன்று நீந்த முடியும் என்றால்தான் ‘பூ’.

சரி, எல்லா இடத்திலும் தமிழ் கைகொடுக்காது. ஒருவரைத் தெரியும் என்பதற்கு ‘கொனேத்ர்’, விஷயம் தெரியும் என்பதற்கு ‘சவுவார்’. நமக்கு இரண்டுமே ‘தெரியும்’ என்பதால் அதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டும்.

வகுப்பில் பிரெஞ்சு மட்டுமே பேச வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் விளக்கம் ஆங்கிலத்தில் இருக்கலாம், தமிழில் கூடாது என்பது என்ன நியாயம்? புதுச்சேரியில் 1855-இலேயே ஆங்கிலத்தை நடுவில் வைக்காமல் தமிழ்–பிரெஞ்சு அகராதி அச்சிட்டிருக்கிறார்கள்.

தேர்வுத் தாளை நம்மால் மாற்ற முடியாது. நோட்டை மாற்றலாம். அடுத்த பாடத்தில் புதுச் சொல்லைத் தனியாக எழுதிப்போடாமல், அது வரும் வாக்கியத்தைத் தமிழில் பிள்ளைகளையே சொல்லவையுங்கள். வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசும் பிள்ளை இருந்தால் அந்த மொழியில் எப்படிச் சொல்வார்கள் என்றும் கேளுங்கள்.

அன்புடன்,
ஒரு பிரெஞ்சு ஆசிரியை