குடை பிடித்துக்கொண்டு வர முடியாதடி

அன்புள்ள மல்லிகா,

நாங்கள் நலம். இவருக்கு மட்டும் முதுகுவலி. காரணம் பின்னால் வருகிறது.

பனிப்பொழிவில் விமானம் கிளம்பாமல் உன் மகள் கல்யாணத்துக்கு நான் வராத கோபத்தைச் சாவித்திரி மூலமாகவா தெரிந்துகொள்ள வேண்டும்? நேரே போன் போட்டுத் திட்டியிருக்கலாமே! "பனிதானே, குடை பிடித்துக்கொண்டு வரவேண்டியதுதானே" என்று உன் வீட்டுக்காரர் எல்லோர் முன்னாலும் கேட்டாராம். இந்தக் கடிதத்தை அவருக்கும் படித்துக் காட்டு.

விமானத்தில் ஏறி உட்கார்ந்தாயிற்று, தெரியுமா? பெல்ட்டும் போட்டாயிற்று. இறக்கையில் மெல்லிசாக உறைபனி படிந்தால்கூடப் போதுமாம், காற்று சீராக ஓடாமல் தூக்கும் விசை குறைந்துவிடும். அதனால் கிளைக்கால் என்ற, பனியை உருக்கும் திரவம் கலந்த சூடான கலவையைப் பீய்ச்சி அடித்தார்கள். முதலில் ஆரஞ்சு, அதன்மேல் பச்சை. ஜன்னல் முழுக்க ஹோலி. அந்தப் பூச்சு கொஞ்ச நேரம்தான் தாங்கும். பனி கொட்டக் கொட்ட அந்த நேரமும் சுருங்கும். ஓடுபாதைக்கு வரிசையில் நிற்கும்போதே கெடு முடிந்து திரும்பி வந்தோம். மறுபடி பீய்ச்சினார்கள். அதற்குள் விமானியின் பணிநேரம் முடிந்துவிட்டது! வேறு விமானியோ பனியில் சிக்கிய இன்னொரு ஊரில். எல்லோரையும் இறக்கிவிட்டார்கள்.

உள்ளே ஒரே கூச்சல். நானும் கத்தத்தான் வாயெடுத்தேன். பக்கத்து இருக்கைப் பெரியவர் 1982 ஜனவரியில் வாஷிங்டனில் நடந்ததைச் சொன்னார். இறக்கையில் பனியோடு கிளம்பிய விமானம் மேலே ஏற முடியாமல் பாலத்தில் மோதி, உறைந்த பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. பாலத்தில் போனவர்களையும் சேர்த்து 78 பேர் பலி. அப்புறம் நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

சரி, முதுகுவலி. இவர் வாசலில் பனியை அள்ளி ஒதுக்கி நிமிர்ந்தார். பனி தள்ளும் லாரி வந்து, தெருப் பனியை முழுக்க எங்கள் வாசலிலேயே வரப்பாகக் குவித்துவிட்டுப் போனது. ஈரப்பனி வேறு, கல் கனம். இதய நோய்க்காரர்கள் அள்ளவே கூடாது என்று டாக்டர்கள் வருஷாவருஷம் சொல்கிறார்கள். இவர் காதில் விழுந்தால்தானே!

இத்தனைக்கும் பனியின் அளவைப் பார்த்து எதையும் சொல்லிவிட முடியாது. 2014 ஜனவரியில் அட்லாண்டாவில் விழுந்தது மூன்று அங்குலம்கூட இல்லை. ஆனால் பள்ளி, அலுவலகம் எல்லாம் ஒரே நேரத்தில் விட்டதில் சாலைகள் அடைபட்டு, பனியைக் கரைக்க உப்பு தூவும் வண்டிகளே உள்ளே நுழைய முடியவில்லை. பிள்ளைகள் பள்ளியிலேயே தூங்கினார்கள். ஜப்பானில் நீகாட்டா பக்கம் போகும் புல்லட் ரயில் பாதையிலோ சூடேற்றிய தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைக்கிறார்கள். பழகின ஊருக்கும் பழகாத ஊருக்கும் அவ்வளவு வித்தியாசம்.

இனி நான் சொல்வதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. உன் தம்பி பையன் குடும்பத்தோடு பனி பார்க்க மலைக்குக் காரில் போகப்போவதாகச் சாவித்திரி சொன்னாள். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மரீ மலையில் அப்படி வேடிக்கை பார்க்கப் போனவர்கள்தான் இருபதுக்கும் மேற்பட்டோர் காருக்குள்ளேயே செத்துப்போனார்கள், குழந்தைகள் உட்பட. எல்லாமே குளிரால் இல்லையடி. வண்டி நின்றால் ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிடுவோம். சைலன்சர் குழாயைப் பனி மூடினால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உள்ளே திரும்பும். வாசனை கிடையாது, தூக்கம்தான் வரும்.

அவனிடம் சொல். முன்னறிவிப்பு மோசமாக இருந்தால் கிளம்பவே வேண்டாம், கட்டிய பணம் போனால் போகட்டும். வழியில் மாட்டிக்கொண்டால் முதலில் குழாயைச் சுற்றிப் பனியை அகற்றி, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட்டி, கொஞ்ச நேரம் நிறுத்தி, ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைக்க வேண்டும். வண்டியில் கம்பளி, தண்ணீர், டார்ச், ஒரு ஷவல் இருக்கட்டும். காரை விட்டு இறங்கி உதவி தேடி நடக்கக் கூடாது. பத்தடிக்கு அப்பால் கார் கண்ணுக்குத் தெரியாது. நான் சொன்னால் கேட்க மாட்டான், அத்தை நீ சொன்னால் கேட்பான்.

கல்யாண வீடியோவை அனுப்பு. கண்ணம்மா டீச்சர் வந்தார்களா? வழக்கம்போல முதல் பந்திதானே?

உன்,
பத்மா