ரோமாபுரியின் எண்ணெய்க் கணக்கு

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் இணைப்பு மலரில் ரோமப் பேரரசின் கடைசிக் காலம் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. நடை நன்றாகவே இருந்தது. ஆனால் கி.பி. 313-ல் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் ஒரு கையெழுத்துப் போட்டுக் கிறிஸ்தவத்தை அரசு மதமாக்கினார், அன்றோடு பழைய கோயில்கள் பூட்டப்பட்டன என்று அதில் எழுதியிருந்தது இரண்டு நாட்களாக என்னை உறுத்துகிறது. ஆண்டு தவறு என்பது ஒரு பக்கம் கிடக்கட்டும். ஒரு கையெழுத்தில் கோயிலைப் பூட்டிவிட முடியும் என்ற நினைப்பு இருக்கிறதே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் சார்நிலைக் கருவூலத்தில் 33 ஆண்டுகள் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். என் தகப்பனார் ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளை. முகப்புத் திண்ணையில் அவர் பேரேட்டை விரித்து வைத்திருக்க, பக்கத்தில் படுத்துத் தூங்கி வளர்ந்தேன். இப்போது மாலை வேளைகளில் எங்கள் ஊர்ச் சிவன் கோயிலுக்குக் கணக்கு எழுதுகிறேன். ஓய்வுக்குப் பிறகு அஞ்சல் வழியில் வரலாறு முதுகலை படித்தபோதுதான் ரோம் எனக்கு அறிமுகமானது. சக்கரவர்த்திகளைவிட அவர்களுடைய அலுவலகங்கள்தான் என்னைப் பிடித்துக்கொண்டன. தொழில் புத்தி போகுமா?

முதலில் ஒரு தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டெசியஸ் என்ற சக்கரவர்த்தி, பேரரசின் மக்கள் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும், பலியிட்டதற்குச் சான்றிதழ் பெற வேண்டும் என்று உத்தரவிட்டார். அப்படி எழுதப்பட்ட பாப்பிரஸ் தாள்கள் 40-க்கும் மேல் எகிப்தின் மணலில் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்று 250-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தது. அலெக்சாண்டர் தீவு என்ற சிற்றூரின் பலி மேற்பார்வைக் குழுவுக்கு, சாதாபூஸின் மகன் ஆரேலியஸ் டயோஜெனிஸ் கொடுத்த மனு. வயது 72. வலது புருவத்தில் தழும்பு. நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் பலியிட்டுப் பிரசாதம் உண்டேன், அதற்குச் சான்றளிக்க வேண்டுகிறேன் என்று போகிறது மனு.

எனக்கும் வயது 72. என் தழும்பு இடது முழங்காலில் இருக்கிறது, பணிப்பதிவேட்டில் பதிவாகியிருக்கிறது. ஆண்டுதோறும் ஓய்வூதியர் நேர்காணலுக்கு வருகிறவர்களிடம் அங்க அடையாளம் சரிபார்ப்பது ஒரு காலத்தில் என் மேசை வேலை. குடும்ப ஓய்வூதியம் வாங்க வந்த ஓர் ஆச்சியின் தாளில் வலது கன்னத்தில் மச்சம் என்று எழுதியிருந்தது. எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. "தம்பி, அது சுருக்கத்துக்குள் போய்விட்டது, வேண்டுமானால் இழுத்துப் பிடித்துக் காட்டுகிறேன்" என்று அவர் இரண்டு விரலால் கன்னத்தை நீவிக் காட்டினார். மச்சம் இருந்தது. சக்கரவர்த்தியின் அதிகாரம் என்பது கடைசியில் இப்படி ஒரு மேசைக்கு முன்னால் வந்து நின்றால்தான் அதிகாரம். அந்த மேசையிலேயே அது ஒழுகிப் போவதும் உண்டு. பலியிடாமலே பணம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கிய கிறிஸ்தவர்கள் அன்று ஏராளம். அவர்களுக்கு லிபெல்லாட்டிகி என்று தனிப்பெயரே ஏற்பட்டுவிட்டது.

இனி 313-க்கு வருகிறேன். கிறிஸ்தவர்களை வதைப்பதை நிறுத்தியவரே கான்ஸ்டன்டைன் அல்ல. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 311-ல், நோயில் விழுந்து சாகும் தறுவாயில் இருந்த சக்கரவர்த்தி கெலேரியஸ் நிறுத்திவிட்டார். 313-ல் கான்ஸ்டன்டைனும் கிழக்குப் பகுதியை ஆண்ட லிசினியஸும் மிலான் நகரில் கூடிப் பேசினார்கள். அதன்படி லிசினியஸ் கிழக்கே ஆளுநர்களுக்கு அனுப்பிய கடிதம்தான் நம் பாடப்புத்தகங்களில் மிலான் ஆணை என்று வருகிறது. கிறிஸ்தவர்களும் மற்ற எல்லாரும் தத்தம் விருப்பப்படி வழிபடலாம் என்கிறது அது. அரசு மதம் என்ற பேச்சே அதில் இல்லை. என் கண்ணுக்குப் பட்டது அடுத்த பகுதி. கிறிஸ்தவர்களிடமிருந்து பறித்த இடங்களைப் பணம் கேட்காமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த இடங்களை இடையில் விலைக்கு வாங்கியிருந்தவர்கள், நஷ்டஈடு வேண்டுமானால் விகாரியஸ் என்ற வட்டார அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம். கடிதத்தில் கணிசமான இடத்தை இந்தச் சொத்து விவகாரம்தான் அடைத்துக்கொண்டிருக்கிறது. இதை வரைந்தவர் கண்டிப்பாக என்னைப் போன்ற ஒரு குமாஸ்தாதான்.

கான்ஸ்டன்டைன் ஞானஸ்நானம் பெற்றதே 337-ல் மரணப் படுக்கையில். அதுவரைக்கும் ரோமின் பழைய மதத்துத் தலைமைப் பூசாரி என்ற பட்டம் அவரிடமே இருந்தது, விடவில்லை. கட்டுரையாளர் தேடிய ஆணை 380 பிப்ரவரி 27-ல் சக்கரவர்த்தி தியோடோசியஸ் தெசலோனிக்கா நகரில் பிறப்பித்தது. ரோமின் தமாசஸ், அலெக்சாண்டிரியாவின் பீட்டர் ஆகிய ஆயர்கள் பின்பற்றும் விசுவாசத்தையே எல்லாரும் பின்பற்ற வேண்டும் என்றது அது. அதிலும் அடி விழுந்தது முதலில் கோயில்காரர்களுக்கு அல்ல. தந்தை, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவத்தை வேறு விதமாக விளக்கிய மற்றக் கிறிஸ்தவர்களுக்குத்தான்.

அப்படியானால் கோயில் எப்படி இருண்டது? லிபானியஸ் என்று அந்தியோக்கியா நகரத்தில் ஒரு சொற்பொழிவாளர், பழைய சமயத்தவர். தியோடோசியஸுக்குக் கோயில்களுக்காகப் பரிந்து எழுதினார். கான்ஸ்டன்டைன் தன் புதிய நகரத்தைக் கட்டக் கோயில் செல்வத்தை எடுத்துக்கொண்டார், ஆனால் வழிபாட்டு முறையில் கை வைக்கவில்லை, கோயில்களில் வறுமை இருந்தது, சடங்குகள் நடந்தன என்கிறார். படித்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். இது எனக்குத் தெரிந்த கதை.

எங்கள் கோயிலில் ஒரு சந்தி விளக்குக் கட்டளை இருக்கிறது. ஒரு குடும்பத்துப் பாட்டனார் வைப்புத்தொகை போட்டு, வட்டியில் அந்திதோறும் ஐந்து விளக்கு எரிய வேண்டும் என்று எழுதி வைத்துப் போனார். வட்டி குறைந்தது, எண்ணெய் விலை ஏறியது. பேரன்மார் வெளிநாட்டில், கடிதம் போட்டால் பதில் வருவதில்லை. ஐந்து நான்காயிற்று. பிறகு சனிப் பிரதோஷத்துக்கு மட்டும் ஐந்து, மற்ற நாட்களில் இரண்டு. இப்போது ஒன்று. குருக்கள் அதைக் கைவிரலால் தூண்டிவிட்டு, விரலில் ஒட்டிய எண்ணெயை வீணாக்காமல் தலையில் தடவிக்கொள்கிறார். விளக்கை அணைக்கச் சொல்லி எந்த அரசும் ஆணையிடவில்லை. என் பேரேட்டில் செலவுப் பத்தியைப் பின்னோக்கிப் புரட்டினால் அந்த நான்கு விளக்கும் எந்தெந்த மாதம் அணைந்தன என்று சொல்லிவிடலாம்.

ரோமிலும் பெரிய அடி 382-ல் இப்படித்தான் விழுந்தது. கிரேஷியன் என்ற இளம் சக்கரவர்த்தி, வெஸ்டா தேவியின் அணையா நெருப்பைக் காத்த கன்னியருக்கும் பூசாரிகளுக்கும் கருவூலத்திலிருந்து போய்க்கொண்டிருந்த மானியத்தை நிறுத்தினார். செனட் மண்டபத்தில் உறுப்பினர்கள் தூபமிட்டு வந்த வெற்றித் தேவியின் பலிபீடத்தையும் எடுக்கச் செய்தார். 384-ல் சிம்மாக்கஸ், ரோம் நகரத்து ஆளுநராக இருந்தபோது, மிலானில் இருந்த 13 வயதுச் சக்கரவர்த்தி இரண்டாம் வாலென்டினியனுக்கு, பலிபீடத்தையும் மானியத்தையும் திருப்பித் தரக் கேட்டு ஓர் அலுவலகக் குறிப்பு அனுப்பினார். அவ்வளவு பெரிய ரகசியத்தை ஒரே ஒரு பாதையால் எட்டிவிட முடியாது என்று அவர் சொன்னதை உலகமே மேற்கோள் காட்டுகிறது. அதே குறிப்பில் கன்னியருக்குப் போக வேண்டிய படியை நிறுத்தியதால்தான் விளைச்சல் பொய்த்தது என்று வாதாடுவதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

அதற்கு மிலான் ஆயர் அம்புரோஸ் எழுதிய பதில் இருக்கிறதே, அது அசல் தணிக்கைக் கேள்வி. இவ்வளவு சலுகை கொடுத்தும் உங்களால் சேர்க்க முடிந்தது ஏழு கன்னியரைத்தானே என்று கேட்டார். கோயில்கள் எத்தனை கைதிகளை மீட்டன, எத்தனை ஏழைகளுக்குச் சோறு போட்டன, கணக்குக் காட்டட்டும் என்றார். இப்படிக் கேட்க அவருக்குத் தெரிந்திருந்ததில் ஆச்சரியம் இல்லை. 374-ல் ஆயராகும்வரை அவர் அதே வட்டாரத்தின் ஆளுநர், அப்போது ஞானஸ்நானம்கூடப் பெறாதவர். கோப்பு படித்த கை. பிற்பாடு, தெசலோனிக்காவில் படுகொலைக்கு உத்தரவிட்ட தியோடோசியஸையே பொதுவில் பாவமன்னிப்புக் கேட்க வைத்தவரும் இவர்தான். அது எல்லாருக்கும் தெரிந்த கதை, விடுகிறேன்.

சிம்மாக்கஸ் மேல் எனக்குப் பரிதாபம் உண்டு. ரோமின் அரசுச் சடங்கு அரசுப் பணத்தில் நடந்தால்தான் செல்லும் என்று அவர் நினைத்தார். எங்கள் பக்கத்துக் கணக்கு வேறு. நகரத்தார் என்ற செட்டிநாட்டு வணிகச் சமூகத்தின் ஒன்பது கோயில்களிலும் திருமணமான ஆண் ஒரு புள்ளி. புள்ளிக்கு இவ்வளவு என்று வரி, வியாபாரத்தில் ஒரு துளி மகமை. சீமையை யார் ஆண்டாலும் பணம் புள்ளியிடமிருந்துதான் வந்தது. வெஸ்டாவுக்கு அப்படி ஒரு புள்ளிக் கணக்கு இருந்திருந்தால் கிரேஷியன் நிறுத்துவதற்கு எதுவும் இருந்திருக்காது. என் ஊர்ப் பெருமையாக இதைச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மேலே சொன்ன ஒற்றை விளக்கும் என் ஊரில்தான் எரிகிறது.

நாட்டுப்புறக் கோயில்களின் கதி வேறு விதம். ஆணை இல்லாமலே துறவிகள் கூட்டம் புகுந்து இடித்தது. கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு யானையைவிட அதிகம் தின்கிறவர்கள் என்று லிபானியஸ் கொதிக்கிறார். பிறகு குரல் இறங்கி, கோயில்தான் கழனியின் உயிர், உழவர்கள் தங்கள் கணவர், மனைவி, பிள்ளைகள், மாடுகள், விதைத்த மண் எல்லாவற்றுக்குமான நம்பிக்கையை அங்கேதான் வைத்திருக்கிறார்கள் என்கிறார். புரவியெடுப்பு அன்று அய்யனார் கோயிலுக்கு மண்குதிரையைத் தோளில் சுமந்து கண்மாய்க் கரையில் போகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை.

பலி கூடாது, கோயிலுக்குள் போகக் கூடாது என்ற ஆணைகள் 391, 392-ல் தியோடோசியஸிடமிருந்து வந்தன. அதற்கு முன்பும் வந்தன, பின்பும் வந்தன. ஒரே சுற்றறிக்கை மூன்றாம் முறை வந்தால் முதல் இரண்டையும் யாரும் பார்க்கவில்லை என்று பொருள் என்பது கருவூலத்தில் பாலபாடம். 438-ல் இந்த ஆணைகளையெல்லாம் தியோடோசியன் சட்டத் தொகுப்பு என்று 16 பகுதிகளாகத் தொகுத்து ரோம் செனட்டில் தாக்கல் செய்தார்கள். கூட்டக் குறிப்பு அப்படியே இருக்கிறது. கடவுள் உங்களை எங்களுக்குத் தந்தார், கடவுள் உங்களை எங்களுக்காகக் காக்கட்டும் என்று உறுப்பினர்கள் முழங்கியது 27 முறை என்று எழுத்தர் எண்ணிக் குறித்திருக்கிறார். நான் கண்ட எந்தக் கூட்டத்திலும் இவ்வளவு நேர்மையான நடவடிக்கைக் குறிப்பு கிடையாது.

அந்தத் தொகுப்பிலேயே 399-ஆம் ஆண்டு ஆணை ஒன்று, பலியைத் தடை செய்கிறோம், ஆனால் பொதுக் கட்டடங்களின் அலங்காரங்களைக் காப்பாற்ற வேண்டும் என்கிறது. இதையும் யாரும் பார்க்கவில்லை போலிருக்கிறது. 458-ல் மஜோரியன் என்ற சக்கரவர்த்தி மறுபடி ஆணை போட வேண்டி வந்தது. ரோமின் பழைய கோயில்களையும் மண்டபங்களையும் பொதுவேலைக்குக் கல் வேண்டும் என்று சொல்லி இடித்து, சொந்த வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள், அதிகாரிகள் தாட்சண்யத்துக்காக அனுமதி கொடுக்கிறார்கள் என்று வெளிப்படையாகவே எழுதுகிறார்.

காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போன மாதம் ஒரு பித்தளைப் பூட்டு தேடிப் போனேன். ஒரு கடை வாசலில் பர்மா தேக்குத் தூண் நான்கு படுத்திருந்தன. ஒன்றின் அடியில் கரியால் ஏழு என்று எண் போட்டிருந்தது. வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், எந்த இடத்துத் தூண் என்று வீட்டைப் பிரித்தவர் போட்ட எண். திரும்ப நிறுத்துகிற உத்தேசத்தில் போட்டிருப்பார் போல. எங்கே நிறுத்த? அந்த ஏழுக்குப் பக்கத்தில் எட்டு இல்லை.

மஜோரியன் ஆணையில் தண்டனை என்ன தெரியுமா? இடிக்க அனுமதி கொடுத்த அதிகாரிக்கு 50 பவுண்டு தங்கம் அபராதம். அவர் சொன்னபடி செய்த சேவகர்களுக்கும் கணக்கர்களுக்கும் பிரம்படி, அதன்பின் கைகளை வெட்ட வேண்டும். கணக்கர் என்ற பதவியின் பெயரே சட்டத்தில் இருக்கிறது. மூன்று ஆண்டு கழித்து, 461-ல், மஜோரியனைத் தன் சொந்தத் தளபதி ரிசிமர் கொன்றுவிட்டார். யார் கையாவது வெட்டப்பட்டதா என்று சட்டத் தொகுப்பில் இல்லை. அந்தப் பக்கத்தைப் படித்த அன்று இரவு வெகு நேரம் என் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு இணைப்பில் 313 என்பதைத் திருத்திப் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கருவூலக் கணக்கர் ஒருவர்,
தேவகோட்டை வட்டம்,
சிவகங்கை மாவட்டம்.