செயலாளரின் ஆண்டறிக்கை: ஊனமுற்ற நாய்களுக்கான தற்காலிக வீடுகளும் தத்தெடுப்பும்

மதிப்புக்குரிய தலைவருக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் அங்கத்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

கடந்த ஆண்டும் எங்கள் நாய் நலச் சங்கத்தின் நிர்வாகக் குழு மாதந்தோறும் கொழும்பு வெள்ளவத்தையில் கூடியது. கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். தடுப்பூசி, கருத்தடை வேலைகள் வழமைபோல நடந்தன. இந்த அறிக்கையின் மிச்சத்தை ஊனமுற்ற நாய்களுக்கே ஒதுக்குகிறேன், ஏனென்றால் இந்த ஆண்டு எங்களுக்குக் காசை விடத் தட்டுப்பாடாக இருந்தது வீடுகள்தான்.

இலங்கையில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கம் 2006 இல் நிறுத்தப்பட்டது. அது பெரிய விஷயம். ஆனால் காலி வீதியில் பஸ்ஸிலோ, மரைன் டிரைவ் ஓரத்துத் தண்டவாளத்தில் ரயிலிலோ அடிபட்ட நாய்க்குச் சிகிச்சை முடிந்த பிறகு அது எங்கே கிடப்பது? திரும்பத் தெருவில் விட முடியாது. நிரந்தர வீடு உடனே அமையாது. இடையில் வரும் அந்த வாரங்களைச் சுமப்பதுதான் தற்காலிக வீடு.

பிரவுணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பம்பலப்பிட்டியில் அடிபட்ட இளம் பெட்டை நாய். அங்கு நின்ற பொடியள் சரியாக நடந்துகொண்டார்கள்: அள்ளித் தூக்காமல், வாயைத் துணியால் கட்டி, பலகையில் மெல்ல நகர்த்தி ஓட்டோவில் ஏற்றினார்கள். வலியில் துடிக்கும் நாய், தெரிந்தவரையும் கடிக்கும். கடிபட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி பற்றிக் கேட்க வேண்டும். பிரவுணியின் எக்ஸ்ரேயில் முள்ளந்தண்டு முறிவு தெரிந்தது. பின்னங்கால்களில் உணர்வு இல்லை.

அவளை ஏற்றுக்கொண்டவர் எங்கள் அங்கத்தவரான ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர். இப்படிப்பட்ட நாய்க்குத் தானாகச் சிறுநீர் கழிக்க வராது. நாளுக்கு மூன்று நான்கு தடவை நாம்தான் அடிவயிற்றை அமத்தி வெளியேற்ற வேண்டும். தேங்க விட்டால் கிருமித்தொற்று வரும், அப்புறம் சிறுநீரகத்துக்கும் ஆபத்து. ரீச்சர் முதலில் மிருக வைத்தியரிடம் பழகினார். பிறகு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக் கொடுத்தார். நாயை நிறுத்தி, பின்னங்கால்களுக்குச் சற்று முன்னால் வயிற்றின் இரு பக்கமும் கை வைக்கச் சொல்லுவார். “பலூன் மாதிரிக் கைக்குப் பிடிபடும் பிள்ளை, அவசரப்படாமல் மெல்ல அமத்துங்கோ.” முடிந்ததும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் துடைத்து, ஈரம் போகக் காயவைத்து, சிறுநீர் கலங்கியிருந்ததா, நாற்றம் மாறியதா என்று கொப்பியில் எழுதிவைப்பார். படுக்கைப்புண் வராமல் சில மணிக்கொரு தடவை பக்கம் மாற்றிப் படுக்கவைப்பார். வழுக்கும் மாபிள் தரையில் பழைய பாய்களை விரித்து விட்டார். இதில் எதுவும் பெரிய படிப்புக் கேட்கும் வேலையல்ல. நேரம் தவறாமல் செய்ய ஒரு மனிதர் வேண்டும், அவ்வளவுதான்.

பின்னங்கால் இயங்காத நாய் நடப்பதற்காகப் பூட்டும் சில்லு வண்டியை பிவிசி குழாயிலும் பிள்ளை வண்டிச் சில்லிலும் உள்ளூரிலேயே செய்வித்தோம். முதல் நாட்களில் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் பூட்டவில்லை. வண்டியில் நிற்கும் நாய்க்குப் படுக்க முடியாது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பட்டி உரசும் இடங்களை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

பிரவுணி இப்போது தெகிவளையில் ஒரு குடும்பத்தோடு இருக்கிறாள். படம் பார்த்து “ஐயோ பாவம்” என்று கேட்டு வந்தவர்கள் பலர். அவர்களில் திரும்ப வந்தது இந்தக் குடும்பம் மட்டும்தான். தகப்பன் முதலில் அடிவயிற்றில் கை வைக்கப் பயந்தார். மகள்தான் முதலில் பழகினாள், பிறகு அவரும். இருவரும் ரீச்சரின் முன்னால் தனியாகச் செய்து காட்டிய பிறகுதான் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினோம். இதை நிரந்தர விதியாக்க வேண்டும் என்று நிர்வாகக் குழு பரிந்துரைக்கிறது: புதிய வீட்டார் தற்காலிக வீட்டுக்கு வந்து பழகாமல் நாய் போகக் கூடாது, “இவர்களிடம் கொடுக்கலாம்” என்ற முதற் சொல்லும் தற்காலிக வீட்டாருடையதாக இருக்க வேண்டும். நாயை அறிந்தவர் அவர்தானே.

விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வியையும் சேர்த்திருக்கிறோம்: குடும்பத்தில் யாராவது விசாவுக்குக் காத்திருக்கிறீர்களா? சிலருக்கு இது மனவருத்தம் தந்தது. கனடாவுக்கோ லண்டனுக்கோ போகிற குடும்பங்கள் கடைசி வாரத்தில் நாயைக் கொண்டுவந்து விடுவதை எத்தனையோ தரம் பார்த்துவிட்டோம். நடக்கும் நாய்க்கே அப்போது வீடு கிடைப்பது கஷ்டம். போகிறவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. நாயை யார் பொறுப்பெடுப்பார் என்று முதலே எழுதித் தரக் கேட்கிறோம்.

ஒரு நாயை இழந்தோம். வலி மருந்துக்கு அடங்கவில்லை, சாப்பாட்டையும் விட்டுவிட்டது. வைத்தியரின் ஆலோசனைப்படி நிம்மதியாகப் போக விட்டோம். ஊசி போடும்போது அதைப் பராமரித்த வீட்டார் பக்கத்தில் இருந்து தலையைத் தடவினார்கள். அந்த முடிவு சரியென்றே இன்றும் நம்புகிறேன்.

தொடர்மாடிகளில் சிக்கல் தொடர்கிறது. ஒரு கட்டடத்தின் முகாமைக் குழு, லிஃப்டில் சில்லு வண்டி ஏறக் கூடாது என்று அறிவித்தது. அங்கிருந்த எங்கள் தற்காலிக வீட்டார் கண் தெரியாத ஒரு நாயைப் பராமரிக்கச் சம்மதித்ததால் நாய்களை மாற்றி வைத்தோம். பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை.

வரும் ஆண்டுக்குக் கொட்டாஞ்சேனைப் பக்கம் நிலமட்ட வீடுகள் தேவை. ஒரு நாய்க்கு இரண்டு வீடுகள் என்று ஏற்பாடு செய்தால் ஒருவர் திருவிழாவுக்கோ ஊருக்கோ போக முடியும். ரீச்சர் இந்த ஆண்டு யாழ்ப்பாணத்துக் கலியாணம் ஒன்றைத் தவறவிட்டார், அது இனி நடக்கக் கூடாது. அடுத்த பயிற்சி அவர் வீட்டிலேயே நடக்கும். கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கலாம், கொப்பி என்னிடம் இருக்கிறது.

நன்றி.
செயலாளர்