டி.சி. கொடுப்பதற்கு முன் ஒரு ஆளைக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலூர் பஸ் ஸ்டாண்டில் மாணவர்கள் மோதல், வகுப்பில் ஆசிரியரை எதிர்த்துப் பேசிய மாணவன் என்று உங்கள் நாளிதழில் செய்தி வரும் நாளெல்லாம் மஞ்சக்குப்பம் டீக்கடையில் காதில் விழுவது ஒரே பேச்சுதான்: இவனுங்களுக்கெல்லாம் டி.சி. கொடுத்து அனுப்பணும். நான் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், டி.சி. எழுதிய கை இது, அதனால் அந்த டி.சி. எப்படிக் கைக்கு வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியைவிட்டு நீக்கக் கூடாது என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 16-ஆவது பிரிவு. 2019-இல் திருத்தம் கொண்டுவந்தபோதுகூட ஃபெயில் போடலாம் என்று வழி விட்டார்களே தவிர, நீக்கக் கூடாது என்பதில் கை வைக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை. பையன்களின் சேட்டை உச்சத்துக்குப் போவதும் ஒன்பதாம் வகுப்பில்தான், அடுத்த வருடப் பொதுத்தேர்வின் தேர்ச்சி சதவீதத்தை நினைத்துப் பள்ளி கவலைப்படத் தொடங்குவதும் அதே ஒன்பதாம் வகுப்பில்தான். ஆனால் நீக்கினோம் என்று யாரும் எழுதுவதில்லை. அம்மாவை வரச்சொல்வார்கள். ஒரு வெள்ளைத்தாள், ஒரு பேனா. 'குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகனின் மாற்றுச் சான்றிதழைத் தந்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று ஒருவர் சொல்லச் சொல்ல அந்த அம்மா எழுதுவார், எழுதத் தெரியாதவர் என்றால் கைநாட்டு. நடத்தை என்ற இடத்தில் 'நன்று' என்று இருக்கும். பதிவேட்டைப் பார்த்தால் அந்தப் பையன் தானாகப் போனவன்.

2022-இல் பள்ளிக்கல்வி அமைச்சர் அன்பில் மகேஸ், ஆசிரியர்களிடம் தவறாக நடக்கும் மாணவர்களை நீக்கி, காரணத்தையும் டி.சி.யில் எழுதுவோம் என்று அறிவித்தார். ஆசிரியர்கள் படும் பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான், பாடம் நடத்தவே விடாமல் ஒருவன் ரகளை செய்யும்போது மற்ற ஐம்பது பேரின் படிப்பும் போகிறது என்ற ஆத்திரம் நியாயமானதுதான். ஆனால் அப்படி எழுதிய காகிதத்தோடு போகும் பதினான்கு, பதினைந்து வயதுப் பையனை எந்தப் பள்ளி சேர்த்துக்கொள்ளும்?

டி.சி.க்கு முன்னால் இன்னொன்று நடக்கும், அதை யாரும் தண்டனையாகவே நினைப்பதில்லை. 'அப்பாவைக் கூட்டிட்டு வந்தால்தான் வகுப்புக்குள் விடுவேன்.' தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம் பையன் என்றால் அப்பா கடலுக்குப் போயிருப்பார், வேறு சிலருக்கு அப்பா வெளிநாட்டில், சிலருக்கு அப்பா எங்கே என்றே தெரியாது. வீட்டில் சொல்லப் பயந்துகொண்டு பையன் காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, சில்வர் பீச்சிலும் பஸ் ஸ்டாண்டிலும் சாயங்காலம் வரை பொழுதைப் போக்குவான், பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் பாண்டி எல்லை, அங்கே என்ன மலிவாகக் கிடைக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்தில் ஒரு மாணவனை இப்படி வெளியே நிறுத்தினால் அதற்குக் கணக்கு உண்டு, ஒரு கல்வியாண்டில் மொத்தம் 45 பள்ளி நாட்களுக்கு மேல் நிறுத்தக் கூடாது, ஒரே தடவையில் ஐந்து நாளைத் தாண்டினால் ஆறாவது நாளிலிருந்து அவன் படிப்பதற்கு வேறு ஏற்பாடு செய்து கொடுக்க வேண்டும். அங்கே எல்லாம் சரியாக நடக்கிறது என்று நான் சொல்லவரவில்லை, எத்தனை நாள் என்றாவது எண்ணுகிறார்கள். இங்கே வருகைப் பதிவேட்டில் வெறும் 'ஆப்சென்ட்'.

சரி, என்ன செய்யலாம்? நான் வேலை பார்த்த பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் ஒருவன் இருந்தான். சமூக அறிவியல் பீரியட் வந்தால் போதும், பெஞ்சைத் தட்டுவான், முன்னால் உட்கார்ந்திருப்பவன் சட்டையில் இங்க் தெளிப்பான், கேட்டால் எதிர்த்துப் பேசுவான், 'வெளியே போ' என்பார் ஆசிரியர், உடனே போய்விடுவான். பள்ளியின் பழைய மாணவர் ஒருவர், மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், ஆண்டு விழா விஷயமாக வந்த இடத்தில் வராண்டாவில் நின்ற இவனிடம் பேச்சுக் கொடுத்தார். அப்புறம் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வாராவாரம் வெள்ளிக்கிழமை மதியம் வர ஆரம்பித்தார். அறிவுரை எதுவும் கிடையாது. வலை, படகு, எந்த இன்ஜின் எவ்வளவு டீசல் குடிக்கும் என்று அவன் பேசுவான், இவர் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள் பேப்பரை நீட்டி கிரிக்கெட் செய்தியை வாசிக்கச் சொன்னபோதுதான் தெரிந்தது, பையன் எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் வாசிக்கிறான். சமூக அறிவியல் ஆசிரியருக்கோ வரிசையாக எழுப்பிப் பாடத்தை வாசிக்கச் சொல்லும் வழக்கம். தன் முறை வருவதற்குள் வெளியே போய்விட வேண்டும், அத்தனை ரகளையும் அதற்குத்தான்! கேள்விப்பட்டு அந்த ஆசிரியரே ஆடிப்போனார், அவ்வளவு பெரிய வகுப்பில் அவருக்கு எப்படித் தெரியும்? அன்றிலிருந்து, அவன் எந்தப் பத்தியை வாசிக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே அவனிடம் சொல்லிவிடுவார், மற்றபடி எழுப்பமாட்டார். சேட்டை ஒரேயடியாக நின்றுவிடவில்லை, பொங்கல் லீவுக்கு அப்புறம் ஒரு அடிதடியில் இவனும் இருந்தான். அந்த வாரமும் லைன்மேன் வந்தார். பையன் பத்தாம் வகுப்பு பாஸ் செய்து ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் சேர்ந்தான்.

இதைத்தான் கேட்கிறேன், ஒரு பையனுக்கு ஒரு பெரியவர், வாரம் ஒரு மணி நேரம், குறைந்தது ஒரு வருடம். அந்த ஒரு வருடத்தை மட்டும் குறைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் 1904-இல் தொடங்கி இதையே செய்துவரும் 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' அமைப்பைப் பற்றி 1995-இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. பெரியவர் ஒருவரின் துணை கிடைத்த பிள்ளைகள், கிடைக்காமல் காத்திருந்தவர்களைவிட ஏறத்தாழப் பாதி அளவுதான் பள்ளிக்கு மட்டம் போட்டார்கள். 2002-இல் அதே விவரங்களை மறுபடி அலசியபோது தெரிந்தது இன்னொரு பக்கம்: ஒரு வருடத்துக்கு மேல் நீடித்தவர்களிடம்தான் பலன் அதிகம், மூன்று மாதத்துக்குள் விட்டுப்போன இடங்களில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பைவிடக் குறைந்திருந்தது. ஏற்கெனவே பலர் கைவிட்ட பையனை இன்னொருவரும் கைவிட்டால் வேறு என்ன ஆகும்? தொடக்க விழா, சால்வை, போட்டோ, இரண்டு மாதத்தில் ஆளைக் காணோம் என்றால் அந்தத் திட்டமே வேண்டாம்.

ஆளுக்குப் பஞ்சமில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் இப்போது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் இருக்கிறது, அவர்களிலிருந்து தொடங்கலாம். நெய்வேலி என்.எல்.சி.யிலும் துறைமுகத்திலும் வேலை பார்த்து ஓய்ந்து உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர் இந்த மாவட்டத்தில்! வருபவரைப் பற்றிப் போலீஸில் விசாரித்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும், பேச்செல்லாம் பள்ளி வளாகத்திலேயே, நாலு பேர் கண்ணில் படுகிற இடத்தில், தனியாக வெளியே கூட்டிப்போவதோ ராத்திரியில் போன் பேசுவதோ கூடவே கூடாது. பெண் பிள்ளைகளுக்குப் பெண்கள். அடங்காத பெண் என்று பெயர் வாங்கியவளுக்கு டி.சி. கொடுத்தால் அடுத்து வீட்டில் கல்யாணப் பேச்சுதான் என்பதால் அவர்களைப் பையன்களுக்கும் முன்னால் கவனிக்க வேண்டும்.

மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு வேண்டுகோள். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு நடுவருடத்தில் பெற்றோர் டி.சி. கேட்டு எழுதினால் அன்றைக்கே கொடுக்கக் கூடாது, அந்தப் பிள்ளைக்காகப் பள்ளி என்னென்ன செய்து பார்த்தது என்று மேலாண்மைக் குழுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகே கொடுக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் தனியார் பள்ளிகளுக்கும் சேர்த்தே அனுப்புங்கள்.

நானும் வரத் தயார். கூத்தப்பாக்கம் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் சைக்கிளில் வந்துவிடுவேன், மதியம் இரண்டு மணிக்கு மேல் எந்த நாளானாலும் சரி.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பள்ளி அலுவலக உதவியாளர்,
கூத்தப்பாக்கம், கடலூர்.