மூவ்-அவுட் சார்ஜ் போடுற அசோசியேஷனுக்கு, காலி பண்ணிட்டுப் போன ஒரு டெனன்ட் எழுதுறது

மதிப்புக்குரிய பிரெசிடெண்ட் சார், செக்ரட்டரி சார், கமிட்டில இருக்குற மத்த ஓனர்ஸ் எல்லாருக்கும்,

வணக்கம். பெரும்பாக்கத்துல உங்க அபார்ட்மெண்ட்ல மூணு வருஷத்துக்கு மேல வாடகைக்கு இருந்துட்டு சமீபத்துல காலி பண்ணவ நான். ஃபிளாட் நம்பர் இங்க போடல, உங்களுக்கே தெரியும். காலி பண்ணும்போது பெயிண்டிங், கிளீனிங்னு என் அட்வான்ஸ்ல கழிச்ச பணத்தைப் பத்தித்தான் இந்த லெட்டர். இதை எங்க ஓனருக்கு மட்டும் தனியா அனுப்பியிருக்கலாமேன்னு கேப்பீங்க, அனுப்பியாச்சு, அவர் துபாய்ல இருந்துகிட்டு "அசோசியேஷன் ரேட் அதுதான் மேடம், நான் என்ன பண்றது"ன்றார், சரின்னு உங்க ஆபீஸ்ல வந்து கேட்டா "அது ஓனருக்கும் டெனன்டுக்கும் நடுவுல உள்ள விஷயம், நாங்க தலையிட மாட்டோம்"னு மேனேஜர் சொல்றார். ரெண்டு பக்கமும் கைய விரிச்சா என் அட்வான்ஸ்ல இருந்து பணம் மட்டும் தானா கழிஞ்சுக்குச்சா? அதான் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதிடலாம்னு.

கணக்கு இதான். வாடகை மாசம் 24,000, அட்வான்ஸ் அஞ்சு மாசம், 1,20,000. திரும்பி வந்தது 80,500. கழிச்சது பெயிண்டிங்னு ஒரு மாச வாடகை 24,000, டீப் கிளீனிங் 9,500, ரெண்டு பாத்ரூம் ஆசிட் வாஷ் 3,500, சிம்னி 1,500, பால்கனியில புறா எச்சம் 1,000. மொத்தம் 39,500. இதுல சிம்னி எங்க வீட்டு எண்ணெய்ப் பிசுக்கு, அது 1,500ன்றது ஜாஸ்தின்னாலும் பேசாம குடுத்துடறேன். மத்ததுல ஒண்ணுக்கும் பில் இல்ல, ரசீது இல்ல, ஒரு போட்டோ கூட இல்ல. உங்க லெட்டர்ஹெட்ல டைப் பண்ணின ரேட் கார்டு ஒண்ணு, 2 பிஎச்கேன்னா இவ்ளோ 3 பிஎச்கேன்னா இவ்ளோன்னு. வீட்டைத் திறந்து பாக்குறதுக்கு முன்னாடியே அழுக்கு எவ்ளோன்னு முடிவாயிடுச்சு. புறாவுக்கும் பணம், அதுங்களுக்கு அக்ரிமெண்ட் போட்டுக் குடுத்தது யாருன்னு எனக்குத் தெரியல.

மொதல்ல பாத்ரூம். அங்க இருந்த வெள்ளைக் கறை அழுக்கு இல்ல சார், உப்பு. போர் தண்ணியும் டேங்கர் லாரித் தண்ணியும் கலந்து சம்ப்ல விட்டு மேல ஏத்துறது நீங்க, நாங்க யாரும் பக்கெட்ல கொண்டு வந்து ஊத்தல. உங்க நோட்டீஸ் போர்டுலயே தண்ணி டெஸ்ட் ரிப்போர்ட் மாட்டியிருந்தீங்க, அதுல ஹார்ட்னஸ், அதாவது தண்ணியில கரைஞ்சிருக்குற கால்சியம், மெக்னீசியம் உப்போட அளவு, லிட்டருக்கு 800 மில்லிகிராமுக்கு மேல. தரத்துக்கு அளவு வைக்கிற மத்திய அரசு அமைப்பான பிஐஎஸ்ஸோட ஐஎஸ் 10500ன்னு குடிதண்ணிக்கு ஒரு ஸ்டாண்டர்டு இருக்கே, அதுல 200 வரைக்கும் ஓகே, வேற தண்ணியே கெடைக்காத எடத்துல 600 வரைக்கும் பொறுத்துக்கலாம்னு போட்டிருக்கு. குடிக்கிறதுக்குன்னு வச்ச அளவு அது, குளிக்கிற தண்ணிக்கு அதை வச்சு சண்டை போட வரல, ஆனா அப்படிப்பட்ட தண்ணி ஷவர்ல இருந்து கொட்டி டைல்ஸ்ல காய்ஞ்சா கால்சியம் படியத்தான் செய்யும், கீசர் காயில்ல படியுது, குழாயில படியுது, என் தலைமுடியில கூட படிஞ்சுது, அதுக்கு நான் யாருக்கு பில் போடுறது? வாரம் ஒரு தடவ வினிகர் போட்டுத் தேய்ச்சவ நான். நீங்க சொல்ற ஆசிட்ட ஊத்தினா கறையோட சேர்ந்து டைல்ஸ் இடுக்குல இருக்குற சிமெண்டும் கரையும், குழாய் மேல இருக்குற பளபளப்பும் போகும், அப்புறம் அடுத்து வர்றவங்க கிட்ட "குழாய் பாலிஷ் போயிருச்சு"ன்னு கழிப்பீங்க. தண்ணியோட உப்பைக் குறைக்கிற சாஃப்ட்னர் பிளான்ட் போடலாம்னு ஓனர்ஸ் வருஷா வருஷம் கூடுற ஏஜிஎம் மீட்டிங் ஒவ்வொண்ணுலயும் பேச்சு வருது, செலவு ஜாஸ்தின்னு தள்ளிப் போகுதுன்னு பக்கத்து வீட்டு ஓனர் ஆன்ட்டியே சொன்னாங்க. அந்தச் செலவைத்தான் இப்போ காலி பண்றவங்க ஒவ்வொருத்தர் கிட்டயும் 3,500, 3,500ஆ வாங்குறீங்க போல.

அடுத்தது பெயிண்டிங், இதுதான் பெரிய தொகை. சென்னையில இது எல்லாரும் பண்றதுதானேன்னு சொல்லாதீங்க, எல்லாரும் பண்றாங்கன்றதுக்காக சட்டம் மாறிடாது. தமிழ்நாட்டுல பழைய 1960ஆம் வருஷ வாடகைச் சட்டம் போய் 2017ல புதுசா ஒரு சட்டம் போட்டு அது 2019 பிப்ரவரி 22ல இருந்து அமல்ல இருக்கு. அதோட ரெண்டாவது அட்டவணையில எந்த வேலை வீட்டுக்காரர் பொறுப்பு, எது குடியிருக்கிறவங்க பொறுப்புன்னு பிரிச்சே போட்டிருக்காங்க. செவுத்துக்கு வெள்ளையடிக்கிறது, கதவு ஜன்னலுக்கு பெயிண்ட் அடிக்கிறது ரெண்டும் வீட்டுக்காரர் பக்கத்துல இருக்கு. குழாய் வாஷர் மாத்துறது, சாக்கடை அடைப்பு எடுக்குறது, ஸ்விட்ச், தாழ்ப்பாள், ஒடஞ்ச ஜன்னல் கண்ணாடி மாதிரி விஷயமெல்லாம் எங்க பக்கம். எங்க பக்கத்து வேலை ஒண்ணு கூட நாங்க பாக்கி வைக்கல, போறதுக்கு முந்தின நாள் கிச்சன் சிங்க் அடைப்பு எடுக்க ஆள் வச்சு காசு குடுத்துட்டுத்தான் சாவியக் குடுத்தேன். புழங்கினதால வர்ற சாதாரண தேய்மானத்த தவிர்த்து மத்தபடி வந்தப்ப இருந்த மாதிரி வீட்டைக் குடுக்கணும், சட்டம் எங்க கிட்ட கேக்குறது அவ்ளோதான். மூணு வருஷம் ஆள் குடியிருந்தா சோபா பின்னாடி செவுரு கொஞ்சம் மங்கத்தான் செய்யும்.

அதுலயும் பெட்ரூம் வடக்குப் பக்கச் செவுத்துல இருந்த ஓதத்தைக் காட்டி "இதுக்குத்தான் பெயிண்டிங்"னு உங்க மேனேஜர் சொன்னாரே, அது எப்போ வந்ததுன்னு மறந்துட்டாரா? 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் மழை கொட்டினப்ப வெளிச் செவுத்து விரிசல் வழியா தண்ணி எறங்கி வந்தது அது. அப்பவே போட்டோ எடுத்து உங்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன், "நோட்டட் மேடம்"னு பதிலும் வந்துச்சு. அந்த மெசேஜ் இன்னும் என் கிட்ட இருக்கு. வெளிச் செவுரு உங்க பொது எடம், அதைச் சரி பண்ணாம விட்டுட்டு உள்ள ஊறின தண்ணிக்கு என் பணத்துல பெயிண்டா?

இன்னொண்ணு சொல்றேன், இதைக் கேட்டப்பதான் எனக்கு நிஜமாவே கோவம் வந்துச்சு. எங்க பார்சல் ஒண்ணு பழைய அட்ரஸுக்குப் போயிடுச்சுன்னு புதுசா குடி வந்த பொண்ணு போன் பண்ணுச்சு, நல்ல பொண்ணு, பேசிட்டே இருக்கும்போது "அக்கா, உங்க பையன் ஹைட்டு குறிச்சு வச்சிருக்கீங்கள்ல ஹால் தூண்ல, அது அப்படியே இருக்கு, அழிக்கவா வேணாமா"ன்னு கேக்குது. பெயிண்ட் அடிக்கவே இல்ல! ஓதமும் அப்படியே இருக்காம், பீரோவ வச்சு மறைச்சிருக்காங்களாம். அந்தப் பொண்ணோட அக்ரிமெண்ட்லயும் காலி பண்ணும்போது ஒரு மாச வாடகை பெயிண்டிங்குக்குன்னு வரி இருக்கு. அடிக்காத பெயிண்டுக்கு என் கிட்ட வாங்கியாச்சு, இனி அடிக்கப் போறதா தெரியாத பெயிண்டுக்கு அது கிட்டயும் வாங்கப் போறீங்க.

டீப் கிளீனிங்கும் அப்படித்தான். நாங்க போன மறுநாள் ஹவுஸ்கீப்பிங் அக்கா ரெண்டு பேர் வந்து அரை நாள் பெருக்கித் தொடச்சுட்டுப் போயிருக்காங்க, ஆளுக்கு 500 குடுத்தாங்கன்னு அவங்களே சொன்னாங்க. மீதி 8,500 எங்க போச்சு? ஓனர் கிட்டயா, அசோசியேஷனோட சேமிப்பு நிதியான கார்பஸ்லயா, இல்ல நடுவுல வேற யார் கிட்டயாவதா? ஏஜிஎம்ல ஓட்டுப் போட டெனன்டுக்கு உரிமை இல்லன்னு சொல்றீங்க, சரி, ஆனா டெனன்ட் தலையில வர்ற ரேட்ட மட்டும் அதே ஏஜிஎம்ல வச்சுத்தான முடிவு பண்றீங்க, அப்ப அந்தப் பணத்தோட கணக்கக் கேக்குற உரிமையாவது எங்களுக்கு இருக்கணுமில்ல.

"இவ்ளோ கழிக்கிறோம்னு எழுதின ஷீட்ல நீங்கதான் சைன் பண்ணீங்களே"ன்னு கேப்பீங்கன்னு தெரியும். எப்படி வாங்கினீங்கன்னும் சொல்லுங்க. கேட்ல லாரி நிக்குது, லோடு ஏத்துற பசங்க வெயில்ல உக்காந்திருக்காங்க, வெயிட்டிங் சார்ஜ் ஏறுது, என்ஓசி, அதாவது காலி பண்ண ஆட்சேபணை இல்லன்னு அசோசியேஷன் குடுக்குற சீட்டு, இல்லாம ஒரு சேர் கூட வெளிய போகாதுன்னு செக்யூரிட்டி சொல்றார், என்ஓசி வேணும்னா ஷீட்ல கையெழுத்துப் போடுங்கன்னு மேனேஜர் சொல்றார். கையில கொழந்தைய வச்சுகிட்டு அந்த நேரத்துல யாரா இருந்தாலும் போட்டுட்டுத்தான் போவாங்க, அது தெரிஞ்சுதான் அந்த நேரத்துல நீட்டுறீங்க.

அட்வான்ஸ் பத்தியும் அதே சட்டத்துல இருக்கு. அக்ரிமெண்ட்ல வேற மாதிரி எழுதினா ஒழிய மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது (அந்த "ஒழிய"ல பூந்துதான் ஊர் பூரா அஞ்சு மாசமும் பத்து மாசமும் ஓடுது), காலி பண்ணி ஒரு மாசத்துக்குள்ள, குடியிருந்தவங்க குடுக்க வேண்டியத மட்டும் கழிச்சுட்டு மீதியத் திருப்பிக் குடுக்கணும். அசோசியேஷன் ரேட் கார்டு நான் குடுக்க வேண்டிய கடன்ல எப்படி வரும்னு எனக்குப் புரியல. வாடகை விவகாரத்தப் பாக்குறதுக்குன்னே வாடகை அதிகாரி, வாடகை கோர்ட்டுன்னு வச்சிருக்காங்க. எங்க அக்ரிமெண்ட் அங்க பதிவும் ஆகியிருக்கு, அதுக்கு ஓனர் சோம்பல் பட்டப்ப கூடவே நின்னு பண்ண வச்சது எங்க வீட்டுக்காரர்தான், அப்ப அவரத் திட்டினேன், இப்ப கும்பிடுறேன்.

அதனால கேக்குறது இவ்ளோதான். அந்த ரேட் கார்ட தூக்குங்க, நெஜமா சேதம் இருந்தா போட்டோவும் கடை பில்லும் காட்டி வாங்குங்க, ஒருத்தரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க. குடி வர்ற அன்னிக்கும் போற அன்னிக்கும் ஓனர் பக்கம் ஒரு ஆளும் டெனன்டும் சேர்ந்து நின்னு வீடியோ எடுத்து வச்சுக்கட்டும். என்ஓசிய மெயின்டனன்ஸ் பாக்கி, கரண்ட் பில் பாக்கியோட நிறுத்திக்கோங்க, கிளீனிங்க அதுக்குள்ள கொண்டு வராதீங்க. இப்ப அங்க குடியிருக்கிறவங்களுக்கும் ஒண்ணு சொல்லிடறேன், உப்புக் கறை ஓதம் எல்லாத்தையும் இன்னிக்கே தேதியோட போட்டோ எடுத்து குரூப்ல போட்டு வச்சிடுங்க, அவங்க "நோட்டட்"னு சொன்னா அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கோங்க.

என் கணக்குல சிம்னி 1,500 போக 38,000 வர வேண்டியிருக்கு. ஓனர் குடுக்கணுமா நீங்க குடுக்கணுமான்றத உங்களுக்குள்ள பேசிக்கோங்க. இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன், வரலன்னா வாட்ஸ்அப் மெசேஜ், அந்தப் பொண்ணு அனுப்பின தூண் போட்டோ, உங்க தண்ணி ரிப்போர்ட் எல்லாத்தையும் சேர்த்து வாடகை அதிகாரி ஆபீஸ்ல மனு குடுத்துடுவேன், மனு எழுதி ரெடியாத்தான் இருக்கு. பேங்க் அக்கவுண்ட் மாறல, 80,500 போட்ட அதே நம்பர்தான்.

இப்படிக்கு,
உங்க பழைய டெனன்ட்